ஆறு பென்ஸ் கேட்ட பிள்ளை

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். மேற்கத்திய கிறிஸ்தவ இசைக்குழுக்கள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் 'சிக்ஸ்பென்ஸ் நன் தி ரிச்சர்' குழுவுக்கு நான்கு வரிதான் கிடைத்தது. அதில் இரண்டு வரி என் மனதை உறுத்திக்கொண்டே இருக்கிறது. குழுவின் பெயருக்கு 'ஆறு காசுக்கும் வழியில்லாதவர்கள்' என்று பொருள் எழுதியிருக்கிறார் கட்டுரையாளர். 'கிஸ் மீ' (என்னை முத்தமிடு) என்ற காதல் பாட்டோடு அவர்கள் விசுவாசத்தை விட்டுச் சினிமாப் பக்கம் போய்விட்டார்கள் என்றும் முடித்துவிட்டார்.

பெயரின் கதை வேறு. கிறிஸ்தவ எழுத்தாளர் சி.எஸ். லூயிஸ் 'மியர் கிறிஸ்டியானிட்டி' புத்தகத்தில் ஒரு சின்ன உதாரணம் சொல்வார். ஒரு பிள்ளை அப்பாவிடம் போய், அவருக்கே பிறந்தநாள் பரிசு வாங்க ஆறு பென்ஸ், அதாவது ஆங்கிலேயர் நாட்டுச் சில்லறை, கேட்கிறது. அப்பா கொடுக்கிறார். பரிசு வந்ததும் பூரித்தும் போகிறார். ஆனால் கணக்குப் பார்த்தால் அவருக்கு ஆறு பென்ஸ்கூட லாபமில்லை. எங்கள் ஆலயத்தில் காணிக்கை படைக்கும்போது "உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்" என்று சொல்வோம். அதேதான் இது. இதைப் போய் வறுமைப் பாட்டாக்கிவிட்டாரே என்பதுதான் என் ஆற்றாமை.

1999இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் டேவிட் லெட்டர்மேன் நடத்திய இரவு நிகழ்ச்சியில் குழு பாடி முடித்ததும், பெயருக்கு என்ன அர்த்தம் என்று அவர் கேட்டார். பாடகி லீ நாஷுக்கு அப்போது 22 வயது. அமெரிக்காவே பார்க்கும் நிகழ்ச்சியில், கூச்சத்தோடு, ஆனால் எதையும் மழுப்பாமல், லூயிஸில் தொடங்கி அந்தப் பிள்ளையின் கதையைக் கடவுள் வரைக்கும் கொண்டுபோய்ச் சொன்னார். விசுவாசத்தை விட்டுப் போனவர் பேசுகிற பேச்சா அது?

டெக்சாஸின் நியூ பிரான்ஃபெல்ஸ் என்ற சின்ன ஊர்க்காரர்கள் இவர்கள். பாட்டெழுதி கிட்டார் வாசித்தவர் மேட் ஸ்லோகம். 1994இல் வந்த முதல் ஆல்பத்தின் பெயரே வேதத்தில் வரும் திக்கற்றவர்களையும் விதவையையும் சொல்வதுதான். இரண்டாவது ஆல்பத்துக்குப் பிறகு அவர்களுடைய இசை வெளியீட்டு நிறுவனம் திவாலாக, கையில் பாட்டு இருந்தும் வெளியிட வழியில்லாமல் நின்றார்கள். அப்புறம் ஸ்டீவ் டெய்லர் தன் ஸ்குவின்ட் நிறுவனத்தில் சேர்த்துக்கொள்ள, 1997இல் குழுவின் பெயரிலேயே ஒரு ஆல்பம் வந்தது. அதில்தான் 'கிஸ் மீ'. ஹாலிவுட் படமொன்றிலும் 'டாசன்ஸ் கிரீக்' தொலைக்காட்சித் தொடரிலும் ஒலித்த பிறகு, 1999இல் அது அமெரிக்காவின் பாடல் தரவரிசையான பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 2ஆம் இடம் வரை ஏறியது. அதே ஆல்பத்தில் சிலி நாட்டுக் கவிஞர் நெரூடாவின் கவிதைக்கும் இசை இருக்கிறது. அதைப் பற்றியும் கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

அந்த வருடம் நான் எங்கள் ஆலயப் பாடகர் குழுவில் ஆல்ட்டோ, அதாவது பெண்களின் தாழ்ந்த குரல், பாடிக்கொண்டிருந்தேன். ஒரு சனிக்கிழமை மாலை, பயிற்சி தொடங்குவதற்கு முன், ஆர்கன் வாசிக்கும் அண்ணன் 'கிஸ் மீ'யின் ஆரம்ப இசையை மெதுவாக வாசித்தார். நாங்கள் நான்கைந்து பெண்கள் பாமாலைப் புத்தகத்தால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுத்தோம். உள்ளே வந்த சபை மூப்பர் ஒன்றும் பேசவில்லை. நேராகப் போய் ஆர்கன் மூடியைச் சாத்தினார். அண்ணன் விரலை எடுக்கத்தான் நேரமிருந்தது. அன்று முழுக்க எங்களுக்குச் சுருதியே சேரவில்லை.

மூப்பர் நல்லவர், என் ஞானஸ்நானத்துக்கே வந்து நின்றவர். ஆனாலும் அன்று அவரிடம் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்டதை இன்று கட்டுரையாளரிடம் கேட்கிறேன். வேதத்தில் இருக்கும் உன்னதப்பாட்டு எதில் தொடங்குகிறது? முத்தத்தில்தானே? ஒரு பெண் தன் அன்பானவனை வயல்வெளிக்குக் கூப்பிடுவது வேதத்துக்குள் இருக்கலாம், நிலவொளியில், கதிர் முற்றிய வயலோரத்தில் கூப்பிடுவது ஒரு கிறிஸ்தவர் எழுதும் பாட்டில் இருக்கக் கூடாதா? கிறிஸ்தவப் பாடகி ஏமி கிராண்ட் 1991இல் 'பேபி பேபி' பாடி முதலிடம் பிடித்தபோதும் இதே பேச்சுத்தான் எழுந்தது. தன் கைக்குழந்தையைப் பார்த்துப் பிறந்த பாட்டு அது. இயேசுவின் பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ணித்தான் பாட்டை எடை போடுவோம் என்றால், பாட்டு எழுதுகிறவர்களுக்கு வாழ்க்கையில் பாதி விலக்கப்பட்டதாகிவிடும்.

வெற்றி அவர்களை மாற்றிவிட்டது என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. வெற்றிக்குப் பிறகு அவர்களைப் படுத்தியது மறுபடியும் நிறுவனச் சிக்கல்தான். ஊரே அவர்கள் பாட்டைப் பாடிக்கொண்டிருந்த நேரத்தில் அடுத்த ஆல்பம் தள்ளித் தள்ளிப்போய் 2002இல்தான் வந்தது. அதற்குள் சூடு ஆறிவிட்டது. 2004இல் பிரிந்தார்கள். பிறகு மறுபடி சேர்ந்து 2012இல் இன்னொரு ஆல்பம் கொடுத்தார்கள். இந்த ஏற்ற இறக்கம் எல்லாவற்றிலும் அந்தப் பெயரை அவர்கள் மாற்றவே இல்லை.

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். பெயரின் பொருளையாவது சரியாகப் போடுங்கள். இடமிருந்தால் ஆறு பென்ஸ் கேட்ட அந்தப் பிள்ளையின் கதையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
பாளையங்கோட்டை