பள்ளி வானொலியில் மைக்குக்குப் பின்னால் யார்?

இதழாசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாணவர் வானொலி பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். எந்த மைக்கை வாங்கலாம், எந்த மிக்சர் (பல ஒலிகளைக் கலந்து, அளவைக் கூட்டிக் குறைக்கும் கருவி) போதும், சுவரில் எதை ஒட்டினால் எதிரொலி குறையும் என்பதற்கே பக்கத்தின் பெரும்பகுதி போய்விட்டது. மேல்நிலைப் பள்ளி ஒன்றில் மாணவர் வானொலியைப் பொறுப்பேற்று நடத்திவருபவள் நான். கருவி இல்லாமல் நின்றுபோன பள்ளி வானொலி எதையும் நான் பார்த்ததில்லை. ஆள் இல்லாமல் நின்றுபோனவற்றைப் பார்த்திருக்கிறேன்.

வேலை தெரிந்தவர்கள் ஆண்டுதோறும் இறுதி வகுப்பை முடித்துக்கொண்டு போய்விடுகிறார்கள். விடுமுறைக்குப் பிறகு அறையைத் திறந்தால், கணினியின் கடவுச்சொல்லைச் சொல்லக்கூட ஆள் இருப்பதில்லை. இப்படி நின்றுபோகாத பள்ளி வானொலிகளும் உண்டு. அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில் பென்சன் பள்ளியின் கேபிபிஎஸ் வானொலி நிலையம் 1923இல் தொடங்கியது. இந்தியானா மாநிலத்தில் நியூ ஆல்பனி உயர்நிலைப் பள்ளியின் டபிள்யூஎன்ஏஎஸ் 1949இல் தொடங்கியது. இத்தனை காலம் அவை நீடித்ததற்கு, அங்கே ஒலிபரப்பு ஒரு பாடமாகவே கற்பிக்கப்பட்டதும் முக்கியக் காரணம் என்பேன். அடுத்த ஆண்டுக்கான ஆட்களை வகுப்பறையே தயார் செய்துவிடுகிறது. நம்மில் பெரும்பாலோருக்கு அந்த வசதி இல்லை. உணவு இடைவேளையிலும் பள்ளி முடிந்த பிறகும் கிடைக்கும் நேரத்தில்தான் எல்லாம் நடக்கிறது.

சேர வருபவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் கேட்பது மைக்கைத்தான். அதில் தவறில்லை, அந்த வயதில் வேறெதைக் கேட்பார்கள்? ஆனால் நிகழ்ச்சியைத் தூக்கி நிறுத்துவது பேசுபவர் மட்டுமல்லர். மிக்சரின் முன் உட்கார்ந்திருக்கும் மாணவி, ஒலி அளவைக் காட்டும் முள்ளிலிருந்து கண்ணை எடுப்பதில்லை. டிஜிட்டல் பதிவில் அளவு அதன் உச்ச வரம்பான பூஜ்ய டெசிபெலைத் (டெசிபெல் என்பது ஒலி அளவைக் குறிக்கும் அலகு) தொட்டு, ஒலியலையின் முனை வெட்டுப்பட்டால் பிறகு முழுமையாகச் சரிசெய்ய வழியில்லை. அதனால் உச்ச ஒலியும் மைனஸ் 6 டெசிபெலைத் தாண்டாமல் அவள் பார்த்துக்கொள்கிறாள். ‘ப’கரம் வரும் இடமெல்லாம் மூச்சுக்காற்று மைக்கில் மோதி ‘பொத்’தென்று கேட்டால், வாய்க்கு நேராக இல்லாமல் சற்றே சாய்த்து வைக்கச் சொல்கிறாள். அடுத்து வரவேண்டிய ஒலித்துண்டைத் தயாராக வைப்பதும் அவள்தான். எந்தப் பாடல் ஒலித்தது, அதற்கு உரிமை இருக்கிறதா, பேட்டி கொடுத்தவரிடம் ஒப்புதல் வாங்கினோமா என்றெல்லாம் ஒலிபரப்புக் குறிப்பேட்டில் எழுத இன்னொருவர் வேண்டும். இவர்களுடைய பெயர் நிகழ்ச்சியின் முடிவில் ஒரு மூச்சில் வாசிக்கப்படும், அதுவும் நேரம் மிச்சமிருந்தால்.

அதனால் எங்கள் பள்ளியில் ஒரு விதி வைத்திருக்கிறோம். புதிதாக வருபவர் யாராக இருந்தாலும் முதல் பருவம் முழுவதும் மிக்சரிலும் குறிப்பேட்டிலும்தான் வேலை செய்ய வேண்டும். மைக் அதற்குப் பிறகுதான். முணுமுணுப்பு உண்டு. ஆனால் அடுத்தவர் குரலை ஒரு பருவம் காதுகொடுத்துக் கேட்டவர், தான் பேச உட்காரும்போது எழுதியதை ஒப்பிக்காமல் பேசுகிறார். இன்னொரு விதியைப் பெற்றோர்கூட முதலில் விரும்பவில்லை. நிலையப் பொறுப்பாளர் பதவி இறுதி வகுப்பு மாணவருக்குக் கிடையாது, அதற்கு முந்தைய வகுப்பினருக்குத்தான். இறுதித் தேர்வு நெருங்கும்போது பொறுப்பாளரே காணாமல் போகும் நிலையம், அந்த ஆண்டின் பாதியிலேயே ஓய்ந்துவிடுகிறது. மூத்தவர்கள் ஆலோசகர்களாகப் பின்னால் உட்காரட்டும். பட்டனைத் தொடக்கூடாது, கேட்டால் பதில் சொல்லலாம்.

கட்டுரையாளர் தினசரி ஒலிபரப்பைப் பரிந்துரைக்கிறார். நான் மறுக்கிறேன். வாரம் ஒருமுறை, குறித்த நாளில், குறித்த மணிக்கு இருபது நிமிடம் தவறாமல் வந்தால் போதும். தினசரி என்று அறிவித்துவிட்டு மூன்றாம் வாரத்தில் வெறும் பாட்டைப் போட்டு நேரத்தை நிரப்புவதைக் கேட்பவர்கள் உடனே கண்டுகொள்கிறார்கள்.

ஆசிரியர்களின் பங்கு பற்றியும் கட்டுரையில் ஒரு வரிதான் இருந்தது. சக மாணவரைக் கேலி செய்யக்கூடாது, ஒருவருடைய வீட்டு விவகாரம் ஒலிபரப்பாகக்கூடாது, உரிமை இல்லாத இசை கூடாது என்று எல்லைகளை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நிகழ்ச்சிக்கு முன் எழுத்துப்படியைப் பார்க்கலாம். ஒலிபரப்பு தொடங்கிய பிறகு ஆசிரியரின் கை மிக்சர் பக்கம் போகக்கூடாது. (தலைமையாசிரியரின் செய்தி ஒரு நிமிடத்தைத் தாண்டினால் அது நிகழ்ச்சியல்ல, சுற்றறிக்கை. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.)

கருவிகளின் பட்டியலை வெளியிட்டதைப் போல, பொறுப்பை ஒப்படைக்கும் ஏடு ஒன்றின் மாதிரியையும் வெளியிடுங்கள். கடவுச்சொற்கள், கோப்புகள் இருக்கும் இடம், எந்தக் கம்பி எதில் செருகப்பட்டிருக்கிறது, எந்த மைக் அடிக்கடி கரகரக்கிறது, யாரிடம் எதற்கு அனுமதி கேட்க வேண்டும் என்பவை அதில் இருக்க வேண்டும். எங்கள் மாணவர்கள் எழுதிவைத்திருக்கும் ஏட்டின் நகலைக் கேட்டால் அனுப்பித் தருகிறோம்.

இப்படிக்கு,
மாணவர் வானொலிப் பொறுப்பாசிரியை ஒருவர்