பூனை வண்டியைப் பார்த்துச் சிரிப்பவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பின்னேரங்களில் வெள்ளவத்தை மரைன் டிரைவ் பக்கம் நடக்கப் போகிறவர்கள் ஒரு புதுவிதமான தள்ளுவண்டியைக் கண்டிருப்பீர்கள். தூரத்தில் பார்த்தால் பிள்ளை வண்டி, கிட்ட வந்தால் வலை போட்ட யன்னலுக்குப் பின்னால் ஒரு பூனை. அப்படி வண்டி தள்ளுகிறவர்களில் நானும் ஒருத்தி. எங்களைக் கண்டால் சிரிக்கிற சனத்துக்கும், "பிள்ளைகளுக்குப் பால்மா வாங்கவே காசில்லாத நாட்டில் பூனைக்கு வாகனமா?" என்று முகத்துக்கு நேரே கேட்கிறவர்களுக்கும், வண்டியோடு லிஃப்ட்டில் ஏறக்கூடாது என்று தடுக்கிற தொடர்மாடி நிர்வாகங்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நீளம், முழுதாகப் போட்டால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காசுக் கேள்வி நியாயமான கேள்வி. 2022இல் இந்த நாட்டில் வாழ்ந்த எவருக்கும் அதை அலட்சியம் பண்ண மனம் வராது. அந்த வருடம் பூனைச் சாப்பாட்டின் விலை ஏறிய ஏற்றத்தில், வளர்த்த பூனையைச் சந்தையடியிலும் கோயில் வாசலிலும் விட்டுவிட்டுப் போனவர்களை நான் கண்ணால் கண்டேன். ஆனால் இங்கே வண்டி வைத்திருக்கிறவர்கள் யார் என்று ஒருக்கால் பாருங்கள். எங்கள் பக்கத்தில் அநேகமானோர், பிள்ளைகள் கனடாவிலும் லண்டனிலும் இருக்கத் தனியாக வீட்டைப் பார்த்துக்கொண்டிருக்கும் அம்மாமார். முழங்கால் வலி, கைப்பிடி பிடிக்காமல் படி இறங்க முடியாது. 5 கிலோ பூனையைக் கூடையில் வைத்துத் தூக்கிக்கொண்டு, ஓட்டோ பிடித்து, மிருக வைத்தியரிடம் போய், அங்கே மடியில் வைத்துக்கொண்டு காத்திருப்பது அவர்களால் ஆகாது. வண்டி இருந்தால் வைத்தியரிடமும் போகலாம், வருகிற வழியில் பத்து நிமிடம் கடற்காற்றும் வாங்கலாம். தென்கொரியாவில் 2023இல் ஒரு பெரிய இணையக் கடையில் குழந்தை வண்டிகளைவிடச் செல்லப்பிராணி வண்டிகள்தான் அதிகம் விற்றதாம், அந்தச் செய்தியைக் காட்டி "பார்த்தீர்களா, உலகம் எங்கே போகிறது" என்று எனக்குப் பாடம் எடுத்தவர்களும் உண்டு. அங்கே பிள்ளை பெறாததற்குக் காரணம் வீட்டு வாடகையும் வேலைப் பளுவும். அந்தப் பழியைத் தூக்கிப் பூனையின் தலையில் போடாதீர்கள்.

அடுத்தது, "கதவைத் திறந்துவிட்டால் தானே போய்த் தானே வரும், ஊரில் அப்படித்தானே வளர்த்தோம்" என்கிற பேச்சு. யாழ்ப்பாணத்தில் எங்கள் அம்மம்மா வீட்டில் வேலிக்குள் இரண்டு பரப்புக் காணி இருந்தது, கிணற்றடி இருந்தது, அடுப்படிக்குப் பின்னால் எலி இருந்தது, பூனைக்கு அந்த வளவே போதும். வெள்ளவத்தையில் ஆறாம் மாடிக் கதவைத் திறந்துவிட்டால் பூனை எங்கே போகும்? ஒரு பக்கம் காலி வீதி பஸ்கள், மறுபக்கம் மரைன் டிரைவைத் தாண்டினால் றெயில் பாதை. நடுவில் உள்ள ஒழுங்கைகளில் தெரு நாய்களும், சண்டைக்கு நிற்கிற கடுவன்களும். கடுவன் சண்டையில் கடிபட்டால் காயம் மட்டும் இல்லை, பூனைகளின் நோயெதிர்ப்புச் சக்தியைக் குலைக்கிற எஃப்ஐவி என்ற வைரஸும் அந்தக் கடி வழியாகத்தான் முக்கியமாகத் தொற்றுகிறது, தொற்றினால் ஆயுளுக்கும் போகாது (மனிதருக்கு வராது, பயப்பட வேண்டாம்). வெளியே அலைகிற பூனை அணிலையும் குண்டுக்கரிச்சானையும் விட்டுவைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கொழும்பில் மிச்சம் இருக்கிற நாலு குருவியும் இருந்துவிட்டுப் போகட்டும்.

சரி, வெளியே விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருக்கலாம்தானே என்றால், வைத்திருக்கலாம். விளையாட்டுக் காட்ட ஆளும், ஏறி இருக்க உயரமான இடமும், வெளியைப் பார்க்க யன்னலும் இருந்தால் பல பூனைகள் அதிலேயே திருப்தியாக இருக்கும். பல்கனிக்கு மட்டும் கட்டாயம் வலை அடியுங்கள். நியூயோர்க்கில் உயர்ந்த கட்டடங்களில் இருந்து விழுந்த 132 பூனைகளைப் பற்றி அங்குள்ள மிருக வைத்தியர்கள் 1987இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வைத்தியசாலைக்குக் கொண்டுவந்தவற்றில் 10இல் 9 பிழைத்தன என்பதைத்தான் எல்லோரும் சொல்வார்கள், நெஞ்சில் அடிபட்டும் தாடை உடைந்தும் வந்தவை எத்தனை என்று யாரும் சொல்வதில்லை, விழுந்த இடத்திலேயே செத்தவை அந்தக் கணக்கில் வரவும் இல்லை. காகத்தைக் கண்டு பாய்கிற பூனைக்கு மாடி எத்தனையாவது என்று தெரியாது.

ஆனாலும் சில பூனைகள் கதவடியிலேயே கிடக்கும். இரவு முழுக்கக் கத்தும், சாமான் தள்ளி விழுத்தும், யாராவது கதவைத் திறந்தால் காலுக்குள் புகுந்து ஓடும். வண்டி அந்தப் பூனைகளுக்குத்தான். எங்கள் வீட்டுப் பூனை அந்த ரகம். கடற்கரைப் பக்கம் வண்டியை நிறுத்திப் பிரேக் போட்டதும் மூக்கை வலையில் வைத்து அழுத்தும், மீசை முழுக்க முன்னுக்கு வரும், மூக்குத் துவாரம் இரண்டும் விடாமல் துடிக்கும். காகம் ஒன்று கல்லில் வந்து இருந்தால் கீழ்த்தாடை நடுங்க ஒரு சின்னச் சத்தம் போடும், வீட்டுக்குள் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே இல்லை. திரும்பி வந்த பிறகு வயிறாரச் சாப்பிட்டுவிட்டு நீட்டி நிமிர்ந்து தூங்கும். எனக்கும் அன்றைக்கு நல்ல தூக்கம்.

இப்போது வாங்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயம், ஏனென்றால் அவசரப்பட்டு வாங்கி, அன்றைக்கே பூனையை உள்ளே திணித்து, காலி வீதியில் தள்ளிக்கொண்டு போகிறவர்களைக் காணும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. பூனைக்குத் தன் இடம் என்பது மிகப் பெரிய விஷயம். தெரியாத பெட்டிக்குள் போட்டுத் தெரியாத தெருவில் விட்டால் அதற்கு உலாத்தலாகத் தெரியாது, கடத்தலாகத்தான் தெரியும். வண்டியை முதலில் ஹோலில் திறந்தபடி விட்டுவிடுங்கள், சக்கரத்துக்குப் பிரேக் போட்டு, உள்ளே அது படுத்துப் பழகிய பழைய துணியை விரித்து. தானாக ஏறிப் படுக்கும்வரை யாரும் தூக்கி வைக்கக் கூடாது. உள்ளேயே சாப்பாடு கொடுங்கள். பிறகு ஸிப்பை அரைவாசி மூடுங்கள், பிறகு முழுக்க மூடி வீட்டுக்குள்ளேயே தள்ளுங்கள், பிறகு நடைகூடம், பிறகு லிஃப்ட், கடைசியாகத்தான் வெளி. சில பூனைக்கு ஒரு கிழமை போதும், சிலதற்கு மாதக்கணக்கில் போகும், சிலதுக்கு எப்போதுமே பிடிக்காது. காது பின்னுக்குப் படிந்து, கண்மணி விரிந்து, உடம்பை ஒடுக்கிக்கொண்டு மூலைக்குள் பதுங்கினால் வீட்டுக்குத் திரும்புங்கள். எச்சில் வடிந்தால் சொல்லவே வேண்டாம். பிடிக்காத பூனையை இழுத்துக்கொண்டு திரிகிறவரைப் பார்த்து நீங்கள் தாராளமாகக் குறை சொல்லலாம், நானும் சேர்ந்து சொல்வேன்.

உடம்போடு மாட்டுகிற பட்டியை முதலில் வீட்டில் போட்டுப் பழக்கி, வண்டிக்குள் இருக்கிற கொழுக்கியை அந்தப் பட்டியில் மாட்டுங்கள், கழுத்துப் பட்டியில் ஒருபோதும் வேண்டாம். கயிறு குட்டையாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாய்ந்து வெளியே தொங்கிவிடும். ஸிப்பைத் தலையால் முட்டித் திறக்கிற கெட்டிக்காரப் பூனைகள் இருக்கின்றன, இரண்டு ஸிப் முனையையும் சேர்த்து ஒரு கிளிப் போடுங்கள். பிள்ளை வளர்ந்த பிறகு மூலையில் கிடக்கிற பிராமை எடுக்கலாமா என்று கேட்கிறார்கள், வலை இல்லாத வண்டியில் பூனையை வைத்தால் முதல் ஹோர்ன் சத்தத்துக்கே போய்விடும். சக்கரம் பெரிதாகப் பார்த்து எடுங்கள், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

எல்லாவற்றையும்விட வெய்யில். இது கொழும்பு, குளிர்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு மத்தியானத்தில் வெளிக்கிடாதீர்கள். பூனையின் சாதாரண உடம்புச் சூடே 38 முதல் 39 பாகை வரை. அதற்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்க்கும், மற்றபடி உடம்பை நக்கி ஈரமாக்கி அந்த ஈரம் காய்வதில்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். எங்கள் ஊரின் புழுக்கத்தில் ஈரம் எங்கே சீக்கிரம் காய்கிறது? வெயிலில் நிற்கிற கறுப்புத் துணி வண்டிக்குள் நிலைமை இன்னும் மோசம். காலை 6 மணியை ஒட்டி, அல்லது பின்னேரம் ஐந்தரைக்குப் பிறகு, இதற்கு வெளியே நேரம் இல்லை. மழைக்குப் போடுகிற பிளாஸ்டிக் உறையை மழை விட்டதும் கழற்றுங்கள், உள்ளே காற்றே போகாது. நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அது ஆபத்து. உடனே நிழலுக்குக் கொண்டுபோய், சாதாரணத் தண்ணீரால் உடம்பையும் பாதத்தையும் நனைத்து, விசிறிக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள், ஐஸ் தண்ணீர் ஊற்றாதீர்கள். தட்டை முகப் பேர்ஷியன் பூனை வைத்திருக்கிறவர்கள் இரு மடங்கு கவனமாக இருக்க வேண்டும், அவற்றுக்கு மூச்சு விடுவதே கஷ்டம். வெசாக் சனநெரிசலிலும், ஆடிவேல் வருகிற நாட்களிலும், தீபாவளி, புதுவருட வெடி நேரத்திலும் வீட்டிலேயே இருக்கட்டும்.

வழியில் காண்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் ஆசைப்பட்டுப் பார்ப்பார்கள், பார்க்கட்டும், ஆனால் வலைக்குள் விரல் விட வேண்டாம், வண்டியில் தட்ட வேண்டாம். நாயோடு வருகிறவர்கள் கயிற்றைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்தால் போதும். தெரு நாய் மோப்பம் பிடித்துக்கொண்டு வந்தால் நாங்கள் ஓடுவதில்லை, வண்டியை மறுபக்கம் திருப்பி மெதுவாக நடப்போம், அதுவும் கொஞ்சத்தில் போய்விடும். கல் எடுத்து எறிந்து எங்களுக்கு உதவி செய்ய வேண்டாம்.

தொடர்மாடி நிர்வாகங்களுக்கு: எங்கள் கட்டடத்தில் காவலாளி, பாவம், மேலிடத்து உத்தரவு என்று சொல்லிப் படியால் போகச் சொல்கிறார். வண்டி மூடிக் கிடக்கிறது, பூனை வெளியே வராது, மயிர் கொட்டாது. ஒவ்வாமை உள்ளவர் லிஃப்ட்டுக்குள் இருந்தால் அடுத்த லிஃப்ட்டுக்கு நாங்கள் நிற்கத் தயார், சனம் குறைந்த நேரம் ஒன்றைக் குறித்துத் தந்தாலும் சம்மதம். மூட்டு வலியோடு இருக்கிற ஒரு அம்மாவை வண்டியோடு ஆறு மாடி இறங்கச் சொல்வது மட்டும் வேண்டாம்.

சக்கரத்துக்கு வருகிறேன். கடலுக்கு இறங்குகிற ஒழுங்கைகளில் கானுக்கு மேல் போட்ட கொங்கிரீட் பலகைகளுக்கு இடையில் நாலு விரல் இடைவெளி, சின்ன முன்சக்கரம் நேராக அதற்குள் போய் இறுகி நிற்கும், வண்டி முன்னுக்குக் குத்தும், உள்ளே பூனை உருளும். அதைத் தாண்டினால் நடைபாதையில் ஏற்றி நிறுத்திய மோட்டார் சைக்கிள்கள், கடைக்காரரின் விளம்பரப் பலகை, அதற்கப்பால் ஓட்டோ. வீதியில் இறங்கித்தான் போக வேண்டும், பின்னால் பஸ் ஹோர்ன் அடிக்கும். பூனை வண்டி போக முடியாத பாதையில் பிள்ளை வண்டியும் போகாது, சக்கர நாற்காலியும் போகாது. வலது குறைந்தோர் உரிமைகளுக்கு 1996இல் 28ஆம் இலக்கச் சட்டம் வந்தது, பொது இடங்களில் அணுகுவசதி இருக்க வேண்டும் என்று 2006இல் ஒழுங்குவிதிகளும் வந்தன. சக்கர நாற்காலியில் இருக்கிற எங்கள் பக்கத்து வீட்டு ஐயா கடலைப் பார்க்க இன்னும் வாகனம் பிடித்துத்தான் போகிறார், நடந்தால் ஐந்து நிமிடத் தூரம். மாநகர சபை பூனைக்காகச் செய்ய வேண்டாம், அவருக்காக அந்தப் பலகைகளை ஒட்டிப் போடட்டும், மோட்டார் சைக்கிள்களை எடுக்கச் சொல்லட்டும்.

கடைசியாக, வண்டிக்குக் காசு சேர்க்கிறவர்கள் அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு: தடுப்பூசி, கருத்தடை. நீர்வெறுப்பு நோய் இங்கே பெரும்பாலும் நாயால் பரவினாலும் அடுத்த இடம் பூனைக்குத்தான், வருடத்துக்கு ஒருமுறை ஊசி போட்டாக வேண்டும். பூனைகளுக்கே உரிய மற்ற வைரஸ் நோய்களுக்கும் தடுப்பூசி இருக்கிறது, தெருப் பூனை தும்மினாலே அவற்றில் சில பரவும் என்பதால் வெளியே கூட்டிப் போகிறவர்கள் அதையும் விடக்கூடாது. தெள்ளுக்கு மருந்து போடும்போது நாய்க்கு வாங்கினதைப் பூனைக்குப் போட்டுவிடாதீர்கள், அவற்றில் பலவற்றில் இருக்கிற பேமெத்ரின் பூனைக்கு நஞ்சு. யாரையாவது பூனை கடித்தாலோ கீறினாலோ சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள்.

நாய்களுக்கும் பூனைகளுக்கும் நீர்வெறுப்புத் தடுப்பூசியை அரசாங்கம் இலவசமாகவே போடுகிறது, ஆனால் எங்கே, என்றைக்கு என்பது எங்கள் பக்கத்துச் சனத்துக்குப் பெரும்பாலும் முடிந்த பிறகுதான் தெரியவருகிறது. ஆசிரியர் அவர்களே, அந்த இடமும் நாளும் உங்கள் பத்திரிகையில் தமிழில் இரண்டு நாள் முந்தி வந்தால், ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாக வந்தாலும் போதும், எங்கள் மாடியில் இருந்து எல்லாப் பூனைகளையும் நாங்களே கொண்டுவந்து வரிசையில் நிற்போம்.

இப்படிக்கு,
வெள்ளவத்தை வாசகி ஒருத்தி
கொழும்பு 06