அமெச்சூர் ரேடியோ சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை: 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழுவினரே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தவறாமல் நடந்தன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். ஆடிக் காற்றில் மொட்டை மாடிக் கம்பம் சாய்ந்த கதை எல்லோருக்கும் தெரியும். எனவே, சென்ற பொதுக்குழுவில் நீங்கள் ஒப்படைத்த வேலைக்கு வருகிறேன்: செயற்கைக்கோளைத் தொடர எந்த மென்பொருள் துல்லியம்?

மதுரையில் நம் சங்க அறையில் ஜிபிரெடிக்ட், ஆர்பிட்ரான், சாட்பிசி32 மூன்றையும் மூன்று கணினிகளில் ஓடவிட்டோம். சர்வதேச விண்வெளி நிலையம் எழும் நேரத்தை மூன்றும் மூன்று விதமாகச் சொல்லின. உடனே ஆளுக்கொரு கட்சி. டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

அப்புறம் உட்கார்ந்து நோண்டியபோதுதான் தெரிந்தது. ஒரு கணினியில் நம் இடத்தை, உலக வரைபடத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் குறியீட்டில், எம்ஜே99 என்று நான்கே எழுத்தில் கொடுத்திருந்தோம். அந்தக் கட்டத்தின் நடுப்புள்ளி தேவிபட்டினத்துக்குக் கிழக்கே கடலில் இருக்கிறது. மதுரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேல். இன்னொன்றில் கடிகாரம் ஒன்பது விநாடி பின்தங்கியிருந்தது. மூன்றாவதில் டிஎல்இ, அதாவது செயற்கைக்கோளின் சுற்றுப்பாதையைச் சொல்லும் தரவு, மூன்று வாரப் பழசு. இடையில் நிலையத்தை உந்தி உயர்த்தியிருந்தார்கள், பாதையே மாறிவிட்டது.

மூன்றையும் சரிசெய்ததும் நேரங்கள் ஒரு விநாடிக்குள் ஒத்துப்போயின. ஒத்துப்போகாமல் என்ன செய்யும்? உள்ளே ஓடுவது மூன்றிலும் ஒரே எஸ்ஜிபி4 கணக்கு, டிஎல்இ-யிலிருந்து செயற்கைக்கோள் இருக்கும் இடத்தைக் கணிக்க 1980-இல் வெளியான சூத்திரம். புது டிஎல்இ-யிலேயே ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பிழை உண்டு. நாளுக்கு ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர் வரை அது கூடும். விநாடிக்கு 7.6 கிலோமீட்டர் போகிற பொருளுக்கு முதல் இரண்டு நாளில் அது ஒரு பொருட்டே இல்லை.

கையில் பிடிக்கும் யாகி ஆன்டெனாவுக்கு நாலைந்து டிகிரி தப்பினாலும் கவலையில்லை. டாப்ளர்தான் படுத்தும், அதாவது நிலையம் நகர்வதால் நாம் கேட்கும் அலைவரிசை மாறுவது. 437.800 மெகாஹெர்ட்ஸில் நிலையம் நேர் உச்சியைக் கடக்கும்போது அலைவரிசை விநாடிக்கு 190 ஹெர்ட்ஸ் வரை நழுவும். எஃப்எம் முறையில் பேசினால் தாங்கிக்கொள்ளும். அலைவரிசை துல்லியமாகப் பொருந்தவேண்டிய எஸ்எஸ்பி முறையில் கடிகாரம் ஒன்பது விநாடி தப்பினால் எதிராளி வாத்துக் குரலில் பேசுவார்.

எனவே புது மென்பொருளுக்கு ஒதுக்கிய தொகையைக் ஆன்டெனாவையும் ரேடியோவையும் இணைக்கும் கோஆக்ஸ் கேபிளை மாற்றுவதற்குத் திருப்பிவிட ஒப்புதல் கோருகிறேன். சங்கக் கணினிகளின் கடிகாரத்தையும் டிஎல்இ-யையும் வாராவாரம் சரிபார்க்க ஒருவர் வேண்டும். விருப்பமுள்ளவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுக்கவும்.

நன்றி.
செயலாளர்