ராணி வாங்கும் முன்

அன்புள்ள முருகேசா,

இங்கு எல்லோரும் நலம். மாமாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததென்று ஸ்டீபன் சொன்னான், சந்தோஷம். தீபாவளிக்குப் பிறகு நீயும் எழுதவில்லை, நானும் எழுதவில்லை. சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். சித்திரை வெயிலில் பஸ்ஸில் ராணித் தேனீக்களை வரவழைக்கப் போகிறாயாமே? கொஞ்சம் பொறு.

தோட்டத்து மேற்கு ஓரத் தேனீப்பெட்டி போய்விட்டது, அதுவும் ரப்பர் தேன் வரும் நேரத்தில். போன கோடையில் விலைக்கு வாங்கிய இத்தாலிய ராணி அது. பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. நீண்ட வயிறு, அறை தவறாமல் முட்டை. ஆனால் போகப் போக வேலைக்காரத் தேனீ அறைகளின் மூடியெல்லாம் குமிழ் குமிழாகப் புடைத்தன. அத்தனையும் ஆண்! விந்து சேராத முட்டை ஆணாகும் என்பது உனக்குத் தெரிந்ததுதான். வேறு ராணி வளர்க்கவும் விந்து சேர்ந்த ஒரு முட்டை வேண்டுமே, அதுகூட இல்லை. அந்த வேலைக்காரத் தேனீக்கள் தவித்ததைப் பார்க்க முடியவில்லையடா.

அதற்கப்புறம் இதைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ராணி இளவயதில் சில நாள் வெளியே பறந்து, பத்துப் பதினைந்து ஆண்களோடு கூடிவிட்டுத் திரும்பினால் அதோடு சரி, ஆயுளுக்கும் வேறு கூடல் இல்லை. ஒவ்வோர் ஆணும் ஏறக்குறைய ஒரு கோடி விந்தணு கொடுத்தாலும், எல்லாம் சேர்த்து ராணியின் விந்துப்பையில் தங்குவது ஐம்பது அறுபது லட்சம்தான். பை ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றுக் கூடுதல். அதைச் சுற்றிக் காற்றுக்குழல் வலை, கூடவே ஒரு சுரப்பி. உள்ளே விந்தணுக்கள் வருடக்கணக்கில் உயிரோடு இருக்கின்றன. மாட்டாஸ்பத்திரியில் காளை விந்தை மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் போட்டுக் காப்பாற்றுவதை, இந்தப் பூச்சி கூட்டின் 35 டிகிரிச் சூட்டிலேயே செய்கிறது!

கூட்டுக்குள் இருக்கும்வரை சூட்டை மற்ற தேனீக்கள் பார்த்துக்கொள்ளும். ராணியை அடைத்து அனுப்பும் தீப்பெட்டி அளவுக் கூண்டில் கூட வரும் நாலைந்து தேனீக்களால் என்ன செய்ய முடியும்? 2020-இல் வந்த ஆய்வொன்றில், 38 டிகிரிக்கு மேலோ 15 டிகிரிக்குக் கீழோ இரண்டு மணி நேரம் இருந்தாலே விந்தணுக்கள் சாகத் தொடங்கும் என்று கண்டிருக்கிறார்கள். ராணி மட்டும் ஜம்மென்று நடமாடும். விற்றவரிடம் கேட்டால், "உயிரோடுதானே வந்தது?" என்கிறார். உயிரோடு வந்து என்ன பயன்? வெயிலில் நின்ற பஸ்ஸின் டிக்கி எவ்வளவு கொதிக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

உங்கள் ஊர்ப் பருத்திக்காரர்கள் மருந்து பூசிய விதையா போடுகிறார்கள்? அதையும் விசாரி. நியோநிகோட்டினாய்டு என்ற வகைப் பூச்சிமருந்துகள் இரண்டு கலந்த மகரந்தத்தில் வளர்ந்த ஆண் தேனீக்களுக்கு உயிருள்ள விந்தணு 39 சதவீதம் குறைந்ததை 2016-இல் சுவிட்சர்லாந்தில் கண்டிருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், நல்ல பெட்டியைப் பிரித்து நீயே ராணி வளர்த்துவிடு. வாங்கித்தான் தீருவேன் என்றால் மழைக்குப் பிறகு, இரவு வண்டியில் வரவழை. வந்தபின் மூடிய புழு அடையைப் பார்த்துக்கொண்டே இரு. வேலைக்கார அறைகளில் அங்கங்கே புடைத்த ஆண் மூடி தெரிந்தால், மற்ற பெட்டியிலிருந்து முட்டை அடை கிடைக்கும்போதே ராணியை மாற்றிவிடு.

முன்பணம் கொடுத்திருந்தால் தேதியைத் தள்ளச் சொல். லீலா அக்காவிடம் கருப்பட்டி கொடுத்தனுப்பியிருக்கிறேன். பதிலைக் கடிதமாகவே எழுது. போனில் நீ பாதிதான் கேட்பாய்.

அன்புடன்,
ஜெபா