தாத்தாவின் செவர்லே விலை பற்றி மகளுக்கு

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கு நானும் உன் அம்மாவும் நலம். அங்கு நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தாத்தாவின் வண்டியை விற்றால் எவ்வளவு கிடைக்கும் என்று கேட்டு நீ அனுப்பியிருந்த ஒற்றை வரியை உன் அம்மா கைப்பேசியில் காட்டினாள். ஒற்றை வரியில் பதில் சொல்லக்கூடிய கேள்வி அல்ல அது. போன வருடம் களக்காட்டு மாமா இதே கேள்வியைக் கேட்டபோது, அந்த வண்டிக்கு யாரும் விலை பேசக்கூடாது என்று ஹூஸ்டனிலிருந்தே சத்தம் போட்டவள் நீ. இப்போது நீயே கேட்கிறாய் என்றால் யோசித்துத்தான் கேட்டிருப்பாய். ஏன் என்று நான் கேட்கவில்லை. விலையை முறையாக விசாரித்தேன். விசாரித்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன். தம்பி இதைப் படம் எடுத்து அனுப்புவான். பொறுமையாக வாசி.

முதலில் வந்து பார்த்தவர் பாளையங்கோட்டைப் புரோக்கர். பழைய வண்டிக்கு இரும்பு விலைக்கு மேல் என்ன இருக்கிறது என்று பேச்சைத் தொடங்கி, கிளம்பும்போது 4.5 லட்சம் தருவதாகச் சொன்னார். 1953-ஆம் வருடத்து வண்டி என்றும் அவரே தீர்ப்புச் சொன்னார். அவருக்கு இந்த வண்டியைத் தெரியவில்லை. இந்த உருவத்துச் செவர்லே பிக்கப்புகள் 1947 முதல் 1955 வரை வந்தவை. தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலத் தெரியும், கதவருகே போனால்தான் வருடம் தெரியும். கதவுக் கண்ணாடிக்கு முன்னால் காற்றுக்காகத் திருப்பி வைக்கும் முக்கோணக் கண்ணாடி 1951-இல்தான் வந்தது. 1952-இல் கைப்பிடி மாறி, பொத்தானை அழுத்தித் திறக்கும் கதவு வந்துவிட்டது. நம் வண்டியில் முக்கோணக் கண்ணாடியும் இருக்கிறது, கீழே திருப்பித் திறக்கும் பழைய கைப்பிடியும் இருக்கிறது. ஆகையால் அது 1951-ஐத் தவிர வேறு வருடமாக இருக்க வழியில்லை. அப்போது ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளை விற்றுவந்த மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் தாத்தாவுக்குக் கொடுத்த ரசீதும் அதையே சொல்கிறது. அந்த ரசீதையும், ஆர்.சி. புத்தகத்தையும், தாத்தா தம் கையால் எழுதிவந்த பெட்ரோல், ஆயில் கணக்கு நோட்டுகளையும் உன் அம்மா பீரோவில் பத்திரமாக வைத்திருக்கிறாள். இவை எல்லாம் விலையில் சேரும் என்பது அந்தப் புரோக்கருக்குத் தெரியாது, அல்லது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இரண்டாவது வந்தவர் கோயம்புத்தூரில் பழைய வண்டிகளைச் சேர்த்துப் பராமரிப்பவர். அவர் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்து, டார்ச் அடித்துச் சேசிஸ் நெடுக்கப் பார்த்தார். சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் ஆர்.சி.யோடு ஒத்துப் பார்த்தார். சட்டைப்பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் தகடு முழுவதும் வைத்துக்கொண்டே வந்தார். தகட்டுக்கு மேல் பட்டி பூசி மறைத்த இடத்தில் காந்தம் பிடிக்காது. பின்பக்க இடது மட்கார்டில் மட்டும் நழுவியது. கடையம் ரயில்வே கேட்டில் உன் பெரியப்பா செய்த வேலை என்று நான் சொல்லும் முன்பே, ஒரே ஓர் அடிதான் வாங்கியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். பிறகு எஞ்சினைக் கிளப்பச் சொன்னார். காலால் மிதித்தேன். இரண்டாம் மிதியில் பிடித்துக்கொண்டது. ஆறு சிலிண்டரிலும் அளவி வைத்து அழுத்தம் பார்த்தார். ஆறும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றன. எல்லாம் பார்த்த பிறகு 11 லட்சம் என்றார். அந்த மனிதரை எனக்குப் பிடித்திருந்தது.

அவர் அந்த விலையைச் சொன்னது எஞ்சினுக்காக. 1973-க்குப் பிறகு பெட்ரோல் விலை ஏறியபோது, நம் பக்கத்தில் அமெரிக்க வண்டி வைத்திருந்தவர்களில் பலர் அதன் எஞ்சினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் எஞ்சினை ஏற்றிக்கொண்டார்கள். தாத்தாவிடமும் எத்தனையோ பேர் சொன்னார்கள். வாழைத்தார் ஏற்றுவதைக் குறைத்தாலும் குறைப்பேன், எஞ்சினை மாற்ற மாட்டேன் என்று அவர் நின்றுவிட்டார். பம்பாய் சேவ்ரியில் 1928 முதல் பாகங்களைப் பூட்டி வண்டி ஆக்கிவந்த ஜெனரல் மோட்டார்ஸ் 1954-இல் அந்த வேலையை நிறுத்திய பிறகு உதிரிப் பாகங்களுக்கு அவர் பட்ட பாட்டை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். 216 கன அங்குலம், அதாவது ஏறத்தாழ மூன்றரை லிட்டர் கொண்ட அந்த எஞ்சினின் கனெக்டிங் ராடுகளில் வெள்ளை உலோகத்தை உருக்கி ஊற்றிய பேரிங்குகள் இருக்கின்றன. விரட்டி ஓட்டினால் அவை தாங்கா. உனக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தபோது 50 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்று நான் சொன்னதற்கு அதுதான் காரணம். தம்பி அந்தச் சொல்லை மதிக்கவில்லை, நீ மதித்தாய். கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் பின்னால் பஸ்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தபோதும் நீ வேகத்தைக் கூட்டாமல் ஓட்டியதை இன்றும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உனக்கு யார் அவசரப்படுத்தினாலும் அவசரப்படத் தெரியாது. இப்போதும் அப்படியே இரு.

நீ அந்த ஒற்றை வரியோடு சேர்த்து ஒரு படமும் அனுப்பியிருந்தாய். அதே உருவத்து வண்டிக்கு அங்கே 40,000 டாலர் என்று போட்டிருந்தது. அதை ரூபாயில் பெருக்கி மனத்தில் ஒரு தொகையை வைத்துக்கொள்ளாதே. அது கேட்கிற விலை. கொடுத்த விலை வேறாக இருக்கும். அதுவும் பிரித்துப் பூட்டிப் புதிதுபோல் ஆக்கிய வண்டி. அந்த ஊரில் அதற்கான கதவு ரப்பர் முதல் கிரில் வரை இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள், வாங்குகிறவருக்குப் பயமில்லை. இங்கே வாங்குகிறவர் 6 வோல்ட் பேட்டரிக்கே அலைய வேண்டும். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்திருப்பதால், பழைய ரப்பர் குழாய்களையும் பெட்ரோல் பம்பின் டயாப்ரத்தையும் மாற்றியாக வேண்டும் என்று மேலப்பாளையம் பாய் சொல்லியிருக்கிறார். அந்த வேலையை நானே முடித்துவிட்டுத்தான் வண்டியைக் கொடுப்பேன். பெட்ரோல் டேங்க் சீட்டுக்குப் பின்னால் கேபினுக்குள்ளேயே இருக்கும் வண்டி என்பதால், அதில் கசிவு என்ற பேச்சே இருக்கக்கூடாது.

வந்தவர்கள் எல்லோரும் கேட்ட இன்னொரு கேள்வி, இது வெள்ளத்தில் நின்ற வண்டியா என்பது. 2023 டிசம்பருக்குப் பிறகு திருநெல்வேலி வண்டி என்றாலே வெளியூர்க்காரர்கள் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். சந்திப்பும் வண்ணார்பேட்டையும் தண்ணீரில் நின்ற அந்த நாட்களில், மழை வலுக்கும்போதே தம்பியும் நானும் வண்டியைச் சின்னையாவின் களத்து மேட்டில் ஏற்றிவிட்டோம். சக்கரத்துக்கு மேல் ஈரம் படவில்லை. அடித்தளப் பலகைகளைப் பார்த்தே கோயம்புத்தூர்க்காரர் அதை நம்பினார். கடல் காற்று படாத ஊரில் நின்றதும் தகட்டைக் காப்பாற்றியிருக்கிறது. தூத்துக்குடியில் நின்றிருந்தால் இந்நேரம் கதவின் அடி விளிம்பு அரித்துப் போயிருக்கும்.

விற்பதற்கு முன் புதுப் பெயிண்ட் அடிக்கலாம் என்று தம்பி சொல்கிறான். நான் சம்மதிக்கவில்லை. முதலில் பூசிய பச்சை மங்கியிருந்தாலும் அந்தப் பச்சைக்குத்தான் விலை. புதுப் பெயிண்டைப் பார்த்தால், அதற்கு அடியில் என்னத்தை மறைத்திருக்கிறார்கள் என்றுதான் விவரம் தெரிந்தவர் யோசிப்பார். நன்றாகத் துடைத்து, பகல் வெளிச்சத்தில், அடிப்பாகம் உட்பட, அந்த மட்கார்டு உட்படப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறேன். குறையை நாமே காட்டிவிட்டால் அதை வைத்துப் பேரம் பேச எவருக்கும் வாய் வராது.

காகித விஷயமும் தெரிந்துகொள். 50 வயது தாண்டிய வண்டிகளைப் பழமை வண்டி என்று தனியாகப் பதிவு செய்யும் விதி 2021-இல் வந்தது. 20,000 ரூபாய் கட்டினால் 10 வருடத்துக்குப் பதிவு கிடைக்கும். ஆனால் அதன் பிறகு கண்காட்சி, அணிவகுப்பு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டுமே தெருவில் இறக்கலாம். அது சொந்த உபயோக வண்டிகளுக்கு வகுத்த விதி. நம்முடையது சரக்கு வண்டி என்று பதிவானதால் அந்த வழி எளிதாக இராது. இந்நாள் வரை எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றைத் தவறாமல் எடுத்துத்தான் ஓட்டி வருகிறேன். வாங்குகிறவர் தமக்கு வேண்டியதைச் செய்துகொள்ளட்டும். தாத்தாவுக்குப் பின் ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டதால், 29, 30 எண் படிவங்களில் நான் கையெழுத்திட்டால் போதும். வெளி மாநிலத்தார் வாங்கினால் 28-ஆம் படிவம் எழுதித் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். அதற்குச் சில வாரங்கள் கூடுதலாக ஆகும். பெயர் மாறும்வரை சாவியைக் கொடுக்க மாட்டேன்.

இனி, விலை. மூன்றாவதாக ஒருவர் நாகர்கோவிலிலிருந்து வந்தார். புதிதாகக் கட்டும் ஓட்டல் வாசலில் நிறுத்திவைக்க வேண்டுமாம். வண்டிக்குச் சிவப்பு அடித்து, பின்பெட்டியில் பூச்செடி வைக்கப் போகிறாராம். எஞ்சின் இருந்தாலும் சரி, இல்லாவிட்டாலும் சரி என்றார். 9 லட்சம், முழுத் தொகையும் இந்த வாரமே வங்கி மூலம். கோயம்புத்தூர்க்காரரின் 11 லட்சத்துக்கு இரண்டு மாதம் பொறுக்க வேண்டும். அவருடைய மெக்கானிக் ஒருமுறை வந்து பார்த்த பிறகுதான் முன்பணம். பழைய வண்டி அணிவகுப்புகள் நடக்கும் காலம் வரை காத்திருந்து, நாலு பேர் பார்வையில் படும்படி கொண்டுபோய் நிறுத்தினால் 13 லட்சத்துக்குக் குறையாது என்பது என் மதிப்பு. வண்டி ஒன்றுதான், உனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்பதைப் பொறுத்து அதற்கு மூன்று விலை. ஆகையால் உன் கேள்விக்குப் பதில் சொல்ல, நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இந்தப் பணம் எப்போது வேண்டும்?

மாப்பிள்ளைக்கும் எழுதி அவருடைய யோசனையைக் கேட்கலாம் என்று நினைத்தேன். பொதுவாக இப்படிப்பட்ட காரியங்களில் அவர் நிதானமாகப் பேசுவார். உன் அம்மா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். காரணம் கேட்டதற்குக் கோலப்பொடி டப்பாவை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். ஆகவே எழுதவில்லை. பொங்கலுக்கு நீங்கள் பேசியபோதும் குழந்தை மட்டும்தான் திரையில் வந்தது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அங்கே எல்லோருக்கும் வேலை இருக்கும்.

கட்டாயம் விடை தெரிய வேண்டிய இன்னொரு விஷயம் வங்கிக் கணக்கு. 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கச் சட்டம் இடம் தராது. பணம் என் கணக்குக்கு வந்து, அங்கிருந்துதான் உனக்கு வர வேண்டும். தகப்பன் மகளுக்கு அனுப்பும் அன்பளிப்பாக ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம் என்பதால் அளவில் சிக்கல் இல்லை. பெறுகிறவரின் பெயரும் கணக்கு எண்ணும் எழுத்துப் பிசகாமல் இருக்க வேண்டும் என்று வங்கியில் அழுத்திச் சொன்னார்கள். என்னிடம் இருப்பது உங்கள் இருவர் பெயரிலும் சேர்ந்து உள்ள பழைய கணக்கு எண். அதற்கே அனுப்பலாமா, அல்லது உன் பெயரில் மட்டும் வேறு கணக்கு இருக்கிறதா? இருந்தால் எந்தப் பெயரில் இருக்கிறது என்பதையும், இனிஷியலோடு, தெளிவாக எழுது. தம்பியிடம் பேசிவிட்டேன். வண்டியில் அவன் பங்கு கேட்கவில்லை. முழுவதும் அக்காவுக்கே போகட்டும் என்று அவன் வாயாலேயே சொன்னான். எனக்குப் பெருமையாக இருந்தது.

இன்னொரு முறை சொல்கிறேன், அவசரப்படாதே. அதே சமயம், அவசரப்பட்டாக வேண்டிய நிலை என்றால் அதை என்னிடம் மறைக்காதே. இந்த வாரமே வேண்டும் என்று நீ எழுதினால் நாகர்கோவில்காரருக்குக் கொடுத்துவிடுவேன். சிவப்பு அடிப்பாரே, செடி வைப்பாரே என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இரண்டு மாதம் பொறுக்கலாம் என்றால் கோயம்புத்தூருக்குப் போகட்டும். வண்டி விற்கும்வரை கையில் ஒன்றும் இல்லை என்ற நிலை இருந்தால், அம்பாசமுத்திரம் வங்கியில் கிடக்கும் வைப்புத்தொகையை முதலில் எடுத்து அனுப்புகிறேன். வண்டிப் பணம் வந்ததும் அதை நிரப்பிக்கொள்கிறேன். தொகையையும் தேதியையும் மட்டும் எழுது. வேறு எதுவும் எழுத வேண்டியதில்லை. என் எண்ணுக்கு எழுதச் சங்கடமாக இருந்தால் அம்மா எண்ணுக்கு எழுது, அவள் எனக்கு வாசித்துச் சொல்லும் வரையில் நான் கேட்க மாட்டேன்.

கோயம்புத்தூர்க்காரருக்கு வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். வியாழன் இரவுக்குள் உன் பதில் வந்தால் நல்லது.

அன்புள்ள,
அப்பா