சான்றிதழில் மணிக்கணக்கை எழுதுங்கள்: கப்பல் பயிற்சி நிலையங்களுக்கு அனுமதி தரும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். தருமபுரி மாவட்டம் பாலக்கோட்டிலிருந்து எழுதுகிறேன். இந்தியக் கடற்படையில் 15 ஆண்டுகள் மாலுமியாக இருந்து ஓய்வு பெற்றவன். போன மாதம் சிங்கப்பூருக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த ஒரு கப்பலிலிருந்து வந்த போன்தான் என்னை இதை எழுத வைத்தது.

பேசியவன் என் அக்கா மகன். தேர்டு ஆபீசராக அவனுக்கு அதுதான் முதல் கப்பல். இரவு 8 மணி முதல் 12 வரை வாட்ச், அதாவது கப்பலைக் கவனித்து ஓட்டும் பொறுப்பு அவனுடையது. மலாக்கா நீரிணையை நெருங்கும்போது ரேடாரில் ஒரு கப்பல் தெரிந்திருக்கிறது. அதன் வெக்டர் கோடு, அதாவது அது இனி எப்படி நகரும் என்று ரேடார் வரையும் கோடு, தன் கப்பலைத் தொடாமல் ஒதுங்கிப் போவதைப் பார்த்து, இது விலகிப் போய்விடும் என்று இருந்துவிட்டான். திரை இருந்தது ட்ரூ வெக்டரில். இவன் படித்தது ரிலேட்டிவ் வெக்டர் என்று நினைத்து. ரிலேட்டிவ் என்பது நம் கப்பலோடு ஒப்பிட்டு எதிர்க்கப்பலின் நகர்வைக் காட்டுவது; அதில் கோடு ஒதுங்கினால் ஆபத்தில்லை. ட்ரூவில் அது எதிர்க்கப்பல் எந்தத் திசையில், எந்த வேகத்தில் போகிறது என்பதை மட்டும்தான் சொல்லும். நம் கோட்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் மோதுமா மோதாதா என்று தெரியும். அந்த நேரம் பார்த்து கேப்டன், கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜுக்கு வந்ததால் தப்பித்தார்கள்.

"புக்குல படிச்சது ஞாபகம் இருந்துச்சு மாமா. கையால மாத்திப் பாத்ததே இல்ல" என்றான். அவன் அழுது நான் கேட்டது அன்றைக்குத்தான்.

ரேடாருக்கும், அதில் தெரியும் கப்பல்களைத் தானாகத் தொடர்ந்து கணக்கிடும் ஆர்பாவுக்கும் சிமுலேட்டர் பயிற்சி, அதாவது நிஜக் கப்பல் போலவே நடந்துகொள்ளும் கருவியில் பயிற்சி, கட்டாயம் என்பது கப்பல் பணியாளர் பயிற்சிக்கான எஸ்.டி.சி.டபிள்யூ. சர்வதேச உடன்படிக்கையின் 1995 திருத்தத்திலேயே வந்துவிட்ட விதி. உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவனும் அந்தப் பயிற்சியை முடித்துச் சான்றிதழ் வாங்கியவன்தான். எப்படி முடித்தான் என்பதை மட்டும் கேளுங்கள். அந்த நிலையத்தில் இருந்தவை இரண்டு கன்சோல்கள், அதாவது திரையும் பொத்தான்களும் உள்ள இயக்கு மேசைகள். ஒன்று வேலை செய்யவில்லை. மற்றொன்றைச் சுற்றிப் பதினாறு பையன்கள். ஒருவன் உட்கார்ந்து இயக்க, மற்றவர்கள் அவன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். பயிற்சி முடியும்வரை என் மருமகன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தது மொத்தம் 25 நிமிடம். வருகைப் பதிவேட்டிலோ தினமும் முழு நேரத்துக்கும் கையெழுத்து. ஒரு பையன் எதிர்த்துக் கேட்டதற்கு, சான்றிதழ் தாமதமாகும் என்று பதில் வந்ததாம். அதன் பிறகு எல்லோரும் பேசாமல் கையெழுத்துப் போட்டார்கள்.

அக்கா கறவை மாடு இரண்டை விற்றுத்தான் அந்தப் பயிற்சிக்குப் பணம் கட்டினாள். அந்த இரண்டு மாட்டுக்கு அவனுக்குக் கிடைத்தது 25 நிமிடம். இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

நான் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு மாணவனும் சிமுலேட்டரில் தானே உட்கார்ந்து இயக்கிய நேரம் எவ்வளவு என்பதைச் சான்றிதழிலேயே அச்சிட வையுங்கள். இதற்குப் புதிய இயந்திரம் எதுவும் வேண்டாம். பயிற்றுநர் மேசையில் இருக்கும் கணினி ஒவ்வொரு பயிற்சியையும் பதிந்து வைத்துத் திரும்ப ஓட்டிக் காட்டும். யார் பெயரில், எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிந்தது என்று அதோடு குறித்து வைத்தால் போதும்.

சிமுலேட்டர் என்றால் என்ன என்று உடம்பால் தெரிந்தவன் நான். லோனாவாலாவில் கடற்படைப் பயிற்சி நிலையமான ஐ.என்.எஸ். சிவாஜியில் இரும்பு அறைக்குள் எங்களை விட்டு, அறையையே ஆட்டி, ஓட்டைகள் வழியே தண்ணீரைப் பாய்ச்சுவார்கள். மரக்கட்டையும் ஆப்பும் வைத்து அடைக்க வேண்டும். முதல் தடவை தண்ணீர் இடுப்புக்கு ஏறும்வரை ஆப்பை எந்தப் பக்கம் அடிப்பதென்றே எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் தடவை கை தானாகப் போனது. வேடிக்கை பார்த்திருந்தால் போயிருக்காது. எங்கள் ஒகேனக்கலில் பரிசல் ஓட்டுபவர் கரையில் நின்று பார்த்த பையனிடம் துடுப்பைக் கொடுத்து ஆளை ஏற்றி அனுப்ப மாட்டார்.

அமெரிக்கக் கடற்படையும் இந்தத் தவறைச் செய்தது. 2003-ல் புதிய அதிகாரிகளுக்கான தொடக்கப் பயிற்சி வகுப்பை நிறுத்திவிட்டு, கப்பலிலேயே படித்துக்கொள்ளச் சிடிக்களைக் கொடுத்தார்கள். 2017 ஆகஸ்ட் 21 அன்று சிங்கப்பூர் அருகே ஜான் எஸ். மெக்கெய்ன் போர்க்கப்பல் எண்ணெய்க் கப்பலோடு மோதி 10 மாலுமிகள் இறந்தார்கள். சுக்கான் கட்டுப்பாடு வேறொரு கன்சோலுக்கு மாறிப்போனது பிரிட்ஜில் இருந்தவர்களுக்குத் தெரியவில்லை. சுக்கானே செயலிழந்துவிட்டது என்று நினைத்தார்கள். அந்தக் கருவியில் அவர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை என்று விசாரணையில் வெளிவந்தது.

நம் நாட்டில் இயந்திரத்துக்குக் குறைவில்லை. 2023 ஜூன் 21 அன்று கொச்சியில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங் 'துருவ்' சிமுலேட்டர் வளாகத்தைத் திறந்து வைத்தார். அங்குள்ள கப்பல் ஓட்டும் சிமுலேட்டர் டெல்லி நிறுவனம் செய்தது. அவர்கள் தயாரிப்பு வெளிநாடுகளுக்கும் போகிறது. உலகத்துக்கே செய்து கொடுக்கும் நாட்டில் எங்கள் பிள்ளைகள் ஏன் தோளுக்கு மேலே எட்டிப் பார்க்க வேண்டும்?

எங்கள் பேருந்து நிலையச் சுவர்களில் 'கப்பலில் வேலை, கை நிறையச் சம்பளம்' என்ற நோட்டீஸ் ஓயவே ஓயாது. அரூரிலும் பென்னாகரத்திலும் கடலையே பார்க்காத அப்பாக்கள் அதை நம்பி நிலத்தை அடகு வைக்கிறார்கள். அனுமதி பெற்ற நிலையமா என்று மட்டும்தான் அவர்களால் கேட்க முடியும். அந்த அனுமதியில் இருப்பது உங்கள் கையெழுத்து. தேதி சொல்லிவிட்டு நீங்கள் ஆய்வுக்கு வந்தால், பழுதான கன்சோல் அன்றைக்கு மட்டும் வேலை செய்யும்.

குரல் உயர்ந்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பணிவோடுதான் கேட்கிறேன்: இயக்கிய நேரத்தைச் சான்றிதழில் அச்சிட உத்தரவிடுங்கள். முன்னறிவிப்பு இல்லாமல் ஒரு நாள் போய், நாற்காலியில் எத்தனை பேர், பின்னால் நிற்பவர் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்.

என் மருமகனை இப்போது அந்தக் கேப்டன், கப்பல் நிற்கும் நேரங்களில் ரேடார் முன் உட்கார வைத்து, வெக்டரை மாற்றி மாற்றிப் பார்க்கச் சொல்கிறாராம். உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கடற்படை மாலுமி ஒருவர்,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.