மைனிக்கு, ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்

மைனி,

ஞாயிற்றுக்கிழமை என் மோனுக்கு ஆறு வயது. ஒரு வருஷமாகிறது நாம் பேசி. போனை எடுத்தால் வாய் வரவில்லை, எழுதுகிறேன். சொந்தக்காரர்களில் பாதிப்பேர் இதைப் படிப்பார்கள். அதனால் பல் டாக்டர் சொன்னதும் அண்ணன் சொன்னதும் இங்கே வேண்டாம்.

உங்கள் மகள் நின்ற நிலைதான் எனக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. போன வருஷம் மோன் பிறந்தநாளுக்குப் பாறசாலையிலிருந்து நீங்கள் பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்த அந்த நீல கிரீம் கேக்கை நான் பெட்டியோடு ஃப்ரிட்ஜுக்குள் தள்ளினேன். அவள் பேப்பர் தட்டோடு ஃப்ரிட்ஜ் கதவையே பார்த்து நின்றாள். பெட்டியைப் பிடித்ததில் பெருவிரலில் கொஞ்சம் கிரீம் ஒட்டியிருந்தது. என் முகத்தைப் பார்த்துவிட்டு, நக்காமல், பாவாடையில் துடைத்தாள்.

ஏழு வயதுப் பிள்ளை. மன்னித்துவிடுங்கள் மைனி.

ஆனால் குடும்ப வாட்ஸ்அப்பில் 'பட்டினி பார்ட்டி' என்று போட்டீர்களே, அதை நான் என்ன செய்ய? நாலு மணிக்கு எழுந்து, கருப்பட்டி போட்டு வயணை இலையில் சுற்றிய தெரளி கொழுக்கட்டை அவித்தேன். இலைக் கூம்பைப் பிரித்துப் பிரித்துப் பிள்ளைகள் தின்றதை நீங்களும்தான் பார்த்தீர்கள். மட்டிப்பழம் ஒரு குலை, பாசிப்பயறு சுண்டல், மோர், எல்லாம் இருந்தது. வறுத்த கடலை வைக்காதது கஞ்சத்தனம் இல்லை. வந்ததில் நாலு பேருக்கு ஐந்து வயதுகூட ஆகவில்லை. முழுக் கடலை தொண்டையில் அடைத்துவிடும்.

ஒன்றில் நீங்கள் சொன்னதுதான் சரி. பல்லுக்குக் கருப்பட்டியும் சீனியும் ஒன்றுதான். ஒரு நாள் சாப்பாட்டின் சக்தியில் 10 சதவீதத்துக்குள் சர்க்கரை இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னதில் கருப்பட்டியும் அடங்கும். முழுப் பழம் அந்தக் கணக்கில் வராது. அன்றைக்கு நான் கருப்பட்டியை மருந்து மாதிரிப் பேசினேன், அத்தனை பேர் முன்னால், உங்களை மடக்குவதற்காக.

இந்த வருஷம் கேக் உண்டு. நீங்களே வாங்கி வாருங்கள், அரை கிலோ போதும், அந்த நீலம் மட்டும் வேண்டாம். சாப்பாடு முடிந்ததும் வெட்டுவோம். மோனுக்கு ஊட்டியதும் அடுத்த துண்டு அவளுக்கு.

அப்புறம், உங்கள் வீட்டுப் பின்னால் நிற்கும் வயணையில் ஒரு கட்டு இலை பறித்து வாருங்கள். களியக்காவிளைச் சந்தையில் போன தடவை வாங்கியது காய்ந்துபோய், சுற்றும்போதே கிழிந்தது. மாவு நான் பிசைந்து வைக்கிறேன். விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தால் நேரம் சரியாக இருக்கும்.